ஐந்தாஞ் சுற்றின் விலை

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் அது வேலையற்றோர் பேச்சு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் உண்டு. எனினும், ஒரு நாட்டு மக்கள் தம் உள்ளத்தில் எதனை எதற்கு மேலாக வைத்திருக்கின்றனர் என்பது அவர்களுடைய சட்டசபைப் பிரசங்கங்களில் வெளிப்படுவதைக் காட்டிலும், ஆட்டத் திடலைச் சுற்றி நின்று அவர்கள் செய்யும் வாதங்களில் ஒளிவு மறைவின்றி வெளிப்படும் என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இரண்டு வாலிபர்களைப் பற்றி அத்தகைய வாதங்கள் எழுந்தன. இருவரும் காற்பந்து வீரர்கள். இருவரும் ஐந்தாஞ் சுற்றிலே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். இருவர்மீதும் பெண்ணொருத்திக்குத் தீங்கிழைத்த குற்றம் நீதிமன்றத்தில் நிலைபெற்றிருந்தது. ஆயினும் முடிவு மட்டும் வேறு வேறாயிற்று. அது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்பந்து என்றதும் நம்மவர் கண்முன் நிற்பது உருண்டைப் பந்தேயாகும். அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையால் எறிந்தும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும், எதிரியை மோதிச் சாய்த்தும் ஆடுவது அது. அந்த ஆட்டத்தின் தேசிய லீக்கில் இப்பொழுது 32 கோஷ்டிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொரு கோஷ்டியும் தனி முதலாளிகளின் உடைமை. ஆட்டக்காரர்கள் சர்வகலாசாலைகளில் பயின்று வருவர். வந்தவர் தாம் விரும்பிய கோஷ்டியில் சேர்ந்துவிட இயலாது. ஆண்டுக்கொருமுறை கோஷ்டிகள் யாவும் கூடி, முன்னாண்டில் கடைசியாக நின்ற கோஷ்டி முதலிலும், வென்ற கோஷ்டி இறுதியிலுமாக, முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தெரிந்தெடுக்கும். இதற்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். எந்தக் கோஷ்டி பெயர் சொல்லிற்றோ அந்தக் கோஷ்டியோடுதான் அவ்வாலிபன் கூலி பேச வேண்டும். ஏழைக் கோஷ்டிக்கும் நல்ல ஆள் கிடைக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். ஆட்களுக்காக முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கூலியை உயர்த்தாதிருப்பது கூடவே வந்த ஆதாயம். ஆள் பிடிக்கும் முறைகள் பலவற்றின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இம்முறையை வகுத்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் முதலாளி பெர்ட் பெல் என்பவர். முதல் தெரிவு 1936-ஆம் ஆண்டு பெப்ரவரி 8-ஆம் நாள் அந்நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடைபெற்றது. அன்று 9 கோஷ்டிகள் 9 சுற்றுகளில் 81 பெயர்களைச் சொல்லின. முதன்முதற் சொல்லப்பட்ட பெயர் சிக்காகோ சர்வகலாசாலை மாணவர் ஜே பெர்வேங்கர். வேடிக்கை என்னவெனில், அவர் அந்த லீக்கில் ஒருநாளும் ஆடவேயில்லை. கொடுக்க முன்வந்த கூலி போதாதென்று மறுத்துவிட்டு, சிக்காகோவில் ரப்பர் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலைக்குப் போய்விட்டார். அவர் விற்ற ரப்பர் எந்தத் தோட்டத்துப் பாலோ, எவர் கண்டார்! சுற்றுகளின் தொகை பின்னர் வளர்ந்து ஒரு காலத்தில் 30 வரை சென்றது. 1994-ஆம் ஆண்டு முதல் 7 சுற்றுகளே நடைபெற்று வருகின்றன.

ஏழு சுற்றுகளிலும் சொல்லப்படும் பெயர்கள் இருநூற்றைம்பதுக்கு முன்பின்னாக இருக்கும். முதற் சுற்றில் வருபவனுக்குக் கோடிக்கணக்கில் வெள்ளி, மாலை மரியாதை, மேடையில் நின்று புகைப்படம். ஐந்தாவது, ஆறாவது சுற்றில் வருபவன் எங்கோ தன் வீட்டில் தொலைபேசியருகே காத்துக் கிடப்பான். அவனால் பயன் விளைந்தால் லாபம். விளையாவிட்டால் நட்டமெதுவும் இல்லையென்பது கணக்கு. ஆகையினால், திறமை மிகுந்தும் ஏதோவொரு காரணத்தால் முன்சுற்றுகளில் எவரும் தொட அஞ்சிய வாலிபர்கள் இப்பின்சுற்றுகளில் வந்து தேங்குவர். அக்காரணத்திற்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயர் ‘நடத்தையைப் பற்றிய ஐயம்’ என்பது.

இச்சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். கணக்கெழுதுவோராகிய நாம், ஒரு தலைப்பின்கீழ் எவையெவை ஏற்றப்படுகின்றன என்பதைக் கொண்டே பேரேட்டின் யோக்கியதையை அளப்போம். ‘நடத்தை ஐயம்’ என்னும் தலைப்பின்கீழ் அமெரிக்கக் கோஷ்டிகள் ஏற்றிவைப்பன யாவை? வாரன் சாப் என்னும் வீரர் லாகிரிப் பொருள் உட்கொண்டார் என்ற செய்தி 1995-ஆம் ஆண்டுத் தெரிவின் தறுவாயில் பரவ, அவர் 12-ஆவது இடத்துக்கு இறங்கினார். ராண்டி மாஸ் என்பவர் பள்ளிக்கூடச் சண்டை ஒன்றிலும் கஞ்சாவிலும் அகப்பட்ட காரணத்தால் 1998-இல் 21-ஆவது இடம் வரையிலும் தள்ளப்பட்டார். இருவரும் பிற்காலத்தில் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றவர்கள். லேரமி டன்சில் என்பவருக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், தெரிவு தொடங்குதற்குச் சில நிமிஷங்களுக்கு முன், அவர் முகமூடி ஒன்றின் வழியாகப் புகை உறிஞ்சும் படம் அவருடைய பெயரிலிருந்தே உலகுக்குக் காட்டப்பட்டது. முன்வரிசையில் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட அவர் 13-ஆவதாக எடுக்கப்பட்டார். அந்த இறக்கத்தில் அவர் இழந்தது பல லட்சம் வெள்ளி. புகை பிடித்தவனும் ஐயத்துக்குரியவன். பெண்ணின் கழுத்தை நெரித்தவனும் ஐயத்துக்குரியவன். தன் உடம்புக்குத் தானே செய்துகொண்ட கேட்டையும் பிறர் உடம்புக்குச் செய்த கொடுமையையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிவிட்டால், கூட்டுத்தொகை எவ்வளவு சரியாயினும் கணக்குப் பொய்க் கணக்கேயாகும்.

இனி 1996-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அக்காலத்தில் சர்வகலாசாலைக் காற்பந்தில் முதன்மை பெற்றிருந்தது நெப்ராஸ்கா. 1994, 1995 ஆகிய இரண்டு பருவங்களிலும் தேசிய வெற்றி அதனுடையது. அக்கோஷ்டியில் இருவர். ஒருவர் லாரன்ஸ் பிலிப்ஸ். இளமையில் பெற்றோர் நிழலின்றிக் கலிபோர்னியாவில் விடுதிகளில் வளர்ந்தவர், ஓட்டத்தில் நிகரற்றவர். 1995 செப்டம்பரில், தம்மை விட்டுப் பிரிந்த பெண்ணொருத்தி இருந்த வீட்டில் புகுந்து அவளை அடித்து மாடிப்படி வழியே இழுத்துச் சென்றார். ஆறு ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன், ஆட்டமொன்றே அவ்வாலிபனைக் கட்டுக்குள் நிறுத்தும் கயிறு, அதனையும் அறுத்துவிட்டால் அவன் அடியோடு கெடுவான் என்று வாதித்தார். அவர் நேர்மையாகவே அவ்விதம் எண்ணியிருக்கலாம். ஆயினும் அந்தக் கயிற்றின் மறுமுனை வெற்றிக்கோப்பையில் கட்டப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் சிரித்தார்கள் என்றால் அவர்கள்மேல் குற்றமில்லை.

மற்றவர் கிறிஸ்டியன் பீட்டர். எதிரியை முன்னின்று தடுக்கும் பெரிய உருவினர். மாணவராயிருந்த காலத்தில் பலமுறை கைதானவர். 1993-ஆம் ஆண்டு மதுக்கடையில் பெண்ணொருத்தியிடம் தகாத முறையில் நடந்துகொண்ட வழக்கில், எதிர்வாதம் செய்யாது தண்டனையை ஏற்று, 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். வேறொரு மாணவியும் அவர்மீது இதனினும் கடுமையான குற்றச்சாட்டைக் கொண்டுவந்தார். அதன் பொருட்டு அவர் தொடுத்த வழக்கைச் சர்வகலாசாலை பணங்கொடுத்துச் சமாதானமாக முடித்துக்கொண்டது.

1996 ஏப்ரல் 20-ஆம் நாள் நியூயார்க்கில் தெரிவு நடந்தது. பிலிப்ஸ் முதற் சுற்றிலேயே, ஆறாவது ஆளாக, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கோஷ்டியால் எடுக்கப்பட்டார். அவருக்கு இடம் பண்ணுவதற்காக ராம்ஸ் தன் பழைய வீரர் ஜெரோம் பெட்டிஸை வேறு கோஷ்டிக்குக் கைமாற்றிவிட்டது. மறுநாள் ஐந்தாஞ் சுற்றில், 149-ஆவது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கோஷ்டி பீட்டரின் பெயரைச் சொல்லிற்று.

பாஸ்டன் நகரம் கொதித்தது. பீட்டரின் கடந்த காலத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. பெண்டிர் பலர் ஆட்சேபம் கூறினர். கோஷ்டியின் முதலாளி ராபர்ட் கிராஃப்ட். அவருடைய மனைவியார் மைரா கிராஃப்ட் பொதுநலத் தொண்டில் பெயர்பெற்ற மாது. பத்திரிகையைப் படித்துவிட்டு அவ்வம்மையார் கொண்ட சினமே காரியத்தை முடித்தது என்று பலரும் எழுதியுள்ளனர். ஏப்ரல் 24-ஆம் நாள், தெரிவு நடந்து மூன்று நாட்களுக்குள், அவர்மேல் தனக்குள்ள உரிமையைக் கைவிடுவதாகக் கோஷ்டி அறிவித்தது. ஒரு நாளும் பயிற்சிக்கு வராத ஆளை, ஆட்டத்தில் குறையொன்றும் காணாமல், நடத்தையின் பொருட்டே ஒரு கோஷ்டி அனுப்பிவிட்டது அந்நாட்டில் வியப்பாகப் பேசப்பட்டது.

இச்செயலைப் பாராட்டுகிறோம். பாராட்டும்போதே மற்றொன்றையும் சொல்லாதிருக்க முடியவில்லை. 149-ஆவது ஆளைக் கைவிட்டது பேட்ரியட்ஸ். அதே கோஷ்டியில் ஆடி, அதனினும் அண்மையில், அதனினும் வெளிப்படையாகக் கொடுமை செய்த ஆறாவது ஆளை ராம்ஸ் கைவிடவில்லை. முதற் சுற்றிலே பணத்தைக் கொட்டியவர்கள் மனச்சாட்சியின் குரலைக் கேட்கக் காதற்றவர்களாயினர். ஐந்தாஞ் சுற்றில் மனச்சாட்சிக்கு ஆகும் செலவு சொற்பமே. பேட்ரியட்ஸ் முதலாளி பீட்டரை முதற் சுற்றில் எடுத்திருந்தால் மூன்றே நாளில் விட்டிருப்பாரா? கேள்வியை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம். நாம் அறிந்த அளவில், அவர் வீட்டில் உரத்துப் பேசவல்ல ஒரு பெண்மணி இருந்தார். ராம்ஸ் கோஷ்டியின் முதலாளியோ ஜார்ஜியா ஃபிரான்ட்டியர் என்னும் பெண்மணியே! ஆகவே பெண் ஒருத்தி மேலிடத்தில் இருந்தால் போதும் என்று சொல்லிவிடவும் இயலாது.

இவ்விருவரின் பிற்காலம் யார் கட்சிக்கும் முழுச் சாட்சியாக நிற்கவில்லை. கைவிடப்பட்ட பீட்டரை மறு ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டி, மனநலச் சிகிச்சையும் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையும் பெறவேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொண்டது. அவர் மூன்று கோஷ்டிகளில் 2002 வரை ஆடினார். எடுத்து ஆதரிக்கப்பட்ட பிலிப்ஸோ 1997 நவம்பரிலேயே ராம்ஸிலிருந்து நீக்கப்பட்டு, ஊர் ஊராகத் திரிந்து, மேலும் பல கொடுமைகள் செய்து, நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2016 ஜனவரியில் கலிபோர்னியச் சிறையொன்றில் உயிர் நீத்தார். தடுத்து நிறுத்தப்பட்டவன் திருந்தியதும், தட்டிக்கொடுக்கப்பட்டவன் அழிந்ததுமாகிய இவ்விரண்டையும் வைத்துச் சட்டமொன்று வகுத்துவிட நமக்கு விருப்பமில்லை. ஆனால் ‘தண்டித்தால் வாலிபன் கெட்டுப்போவான்’ என்னும் பல்லவியைப் பாடுவோர் பீட்டரின் பெயரை மறந்துவிடுவது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. இடையில் நிகழ்ந்தவற்றுள் இரண்டைக் கூறாமல் மேற்செல்லலாகாது.

கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்னும் கோஷ்டியைச் சேர்ந்த ஜோவன் பெல்ச்சர், 2012 டிசம்பர் 1-ஆம் நாள் காலையில், தம் மூன்று மாதக் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றார். பிறகு கோஷ்டியின் பயிற்சியிடத்துக்குக் கார் ஓட்டிச் சென்று, பயிற்சியாளரும் மானேஜரும் பார்த்து நிற்கவே தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் இருந்தது. ஆட்டம் நடந்தது. 27-க்கு 21 என்ற கணக்கில் சீஃப்ஸ் வென்றது.

பிறகு 2014-ஆம் ஆண்டு. பால்டிமோர் வீரர் ரே ரைஸ், ஹோட்டல் மின்தூக்கியினுள் தம் மணமகளாக வரவிருந்த பெண்ணை அடித்து வீழ்த்தினார். லீக் முதலில் விதித்த தண்டனை இரண்டே ஆட்டங்கள். அடித்த காட்சி செப்டம்பரில் படமாக வெளிவந்ததும், அன்றைக்கே கோஷ்டி அவரை நீக்கியது. லீக்கும் கால வரையறையின்றி விலக்கியது. அடித்த செய்தி படம் வருமுன்னரே எல்லோருக்கும் தெரிந்ததுதான். காதால் கேட்டபோது இரண்டு ஆட்டமாக இருந்த குற்றம் கண்ணால் கண்டபோது ஆயுட்குற்றமாயிற்று. 2014 டிசம்பரில் புதிய நடத்தை விதிகளை லீக் வகுத்தது.

அதே டிசம்பரில்தான், ஓக்லஹோமா ஸ்டேட் சர்வகலாசாலையின் டைரீக் ஹில் கைது செய்யப்பட்டார். ஓட்டப் பந்தயத்தில் 2012-ஆம் ஆண்டு உலக இளைஞர் போட்டியில் 200 மீட்டரில் மூன்றாம் பரிசு பெற்றவர் இவர். டிசம்பர் 6-ஆம் நாள் பரம எதிரியாகிய ஓக்லஹோமாவுக்கெதிராக, முடிய ஒரு நிமிஷங்கூட இல்லாதபோது, எதிரி உதைத்த பந்தைப் பிடித்து 92 கஜம் ஓடி ஆட்டத்தைச் சமன் செய்து வீரப்பட்டம் பெற்றார். அந்த வாரம் முடிவதற்குள், கருவுற்றிருந்த தம் காதலியைத் தாக்கிக் கழுத்தை நெரித்ததாகக் கைதாகி, கோஷ்டியிலிருந்து விலக்கப்பட்டார். 2015 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஒத்திவைக்கப்பட்டு மூன்றாண்டுக் கண்காணிப்பும், ஓராண்டுக் காலச் சீர்திருத்த வகுப்பும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு வெஸ்ட் அலபாமா என்னும் சிறிய கல்லூரியில் ஆடினார். 40 கஜத்தை 4.3 விநாடிக்கும் குறைவாக ஓடிக் காட்டினார் என்று எழுதப்பட்டது. அந்த விநாடிக் கணக்குத்தான் எல்லோருடைய குறிப்பேட்டிலும் தடித்த மையில் இருந்திருக்க வேண்டும்.

2016 ஏப்ரல் 30-ஆம் நாள் சனிக்கிழமை, சிக்காகோவில், ஐந்தாஞ் சுற்றில், 165-ஆவது ஆளாக, சீஃப்ஸ் கோஷ்டி ஹில்லின் பெயரைச் சொல்லிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் வீரனொருவன் ஒரு தாயைக் கொன்ற அதே கோஷ்டி!

ரசிகர்கள் இரு பிரிவாயினர். மானேஜர் ஜான் டார்சியும் பயிற்சியாளர் ஆண்டி ரீடும், நாங்கள் தீர விசாரித்துவிட்டோம், எங்களை நம்புங்கள் என்று வேண்டினர். ரீடின் ஆதரவாளர்கள் பழைய உதாரணம் ஒன்றை எடுத்தார்கள். நாய்ச் சண்டை நடத்தி 23 மாதச் சிறைத்தண்டனை பெற்ற மைக்கேல் விக் என்பவரை, 2009-இல் பிலடெல்பியாவில் இதே ரீடுதான் சேர்த்துக்கொண்டு மறுவாழ்வு கொடுத்தார் என்றனர். எதிர்த்தோர் பெல்ச்சரின் பெயரைச் சொல்லினர். எங்கள் பெண்மக்களுக்கு இந்த உடையை எப்படி வாங்கி உடுத்துவோம் என்று கேட்டனர். ஹில் தாமே மே மாதம் பத்திரிகையாளர் முன் நின்று, ரசிகர்கள் தம்மேல் கோபங்கொள்ளுதல் நியாயமே என்றார். அந்தக் கோபக்காரர்களுக்கு எதிராக அவருடைய ஆதரவாளர்கள் பேசிய அளவுகூட அவர் தமக்காகப் பேசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆதரவாளர்களின் வாதங்களைக் கூர்ந்து நோக்குவோம். நீதிமன்றம் விதித்ததை அவன் அனுபவிக்கிறான்; அதற்கு மேல் தண்டிக்க நாம் யார் என்றனர் சிலர். இது மதிக்கத்தக்க வாதம். தவறியவனுக்கு உழைத்துப் பிழைக்கும் வழியை அடைத்துவிடுதல் சீர்திருத்தமாகாது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயினும், பிழைக்கும் வழி வேறு, ஊர் முழுதும் எழுந்து நின்று கைதட்டும் அரங்கம் வேறு. நாம் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான் என்றனர் வேறு சிலர். இது திருட்டுப்பொருள் வாங்குவோன் சொல்லும் வாதம். இதற்கு விடை வேண்டா.

பெரும்பாலோர் நாவில் நின்ற வாதம் மூன்றாவது ஒன்று. ‘ஐந்தாஞ் சுற்றுத்தானே!’ என்பதே அது. முதற் சுற்றில் எடுத்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். ஐந்தாஞ் சுற்றில் போனால் என்ன, சரிப்படாவிட்டால் துரத்திவிடலாம் என்று நல்லவர்களும் பேசினார்கள். எதனை எதற்கு ஈடாக வைத்து இவர்கள் நிறுக்கிறார்கள்? கோஷ்டி இழக்கக்கூடிய செலவை ஒரு தட்டிலும் அவனால் வரக்கூடிய வெற்றியை மறு தட்டிலும் வைக்கிறார்கள். கழுத்து நெரிபட்டவள் எந்தத் தட்டிலும் இல்லை. அவளுக்கு நேர்ந்த துன்பம் ஐந்தாஞ் சுற்றுத் துன்பம் என்றும் முதற் சுற்றுத் துன்பம் என்றும் இரு விலை பெறுமா? எடுத்த இடம் தாழ்ந்ததாகையால் செய்த குற்றமும் தாழ்ந்துபோயிற்று என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அவ்விதமே எழுதப்பட்டது.

இந்தக் கணக்கு அமெரிக்கருக்கு மட்டும் உரியதாயின் இத்தனை பக்கம் எழுதியிரோம். நாம் பார்த்த தோட்டமொன்றில், நாள்தோறும் எவரினும் மிகுதியான பாலைக் கொண்டுவந்து நிறுப்பவன் ஒருவன் இருந்தான். கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய இரவுகளில் அவன் மனைவியின் கூக்குரல் கேட்டு லயமே விழித்துக்கொள்ளும். விடிந்தால் பெரட்டில் அவன் பெயரை அழைக்கும் குரலில் யாதொரு மாற்றமும் இராது. ‘குணம் எப்படியானாலென்ன ஐயா, கை நல்ல கை’ என்பார் மண்டோர். மனைவியின் பெயரும் அதே செக்ரோலில்தான் இருந்தது. முகம் வீங்கி எழுந்திருக்கமாட்டாத நாட்களில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறி விழும். அன்றைய கூலி போகும். அடித்தவனுக்கு முழு நாள், அடிபட்டவளுக்கு நட்டம். செக்ரோலில் பொய்யாக ஓர் எழுத்துங்கூட இல்லை.

மீண்டும் கான்சாஸ் சிட்டிக்கு வருவோம். 1996-இல் பாஸ்டனில் நிகழ்ந்தது இங்கே நிகழவில்லை. கூச்சல் சில வாரம் இருந்தது, கோஷ்டி அசையவில்லை, பிறகு ஆட்டப் பருவம் தொடங்கிற்று. குற்றம் லீக்கிற்கு வருமுன் நடந்ததாகையால் புதிய விதிகளின்படி ஓர் ஆட்ட விலக்கும் ஹில்லுக்கு விதிக்கப்படவில்லை. அவர் ஓடத் தொடங்கினார். நவம்பர் 27-ஆம் நாள் டென்வர் நகரில், எதிரி உதைத்த பந்தைத் திருப்பி ஓடி ஒன்று, கையில் வாங்கி ஓடி ஒன்று, எறிந்ததைப் பிடித்து ஒன்று என்று மூன்று வகையாலும் ஒரே ஆட்டத்தில் எல்லை கடந்தார். 1965-இல் கேல் சேயர்ஸ் செய்ததற்குப் பின் எவரும் செய்யாத அருஞ்செயல் என்றனர். அதன் பின்னர் விவாதத்தின் குரலே மாறிற்று. ஏப்ரலில் ‘நம்பலாமா’ என்று கேட்டவர்கள் டிசம்பரில் ‘மற்றக் கோஷ்டிகள் எப்படி விட்டுவைத்தன’ என்று கேட்டார்கள். அதே மனிதன், அதே குற்றம், அதே கண்காணிப்புக் காலம்; மாறியது அவன் ஓடிய கஜங்களின் தொகைதான். மன்னிப்பு என்று இதற்குப் பெயரிட்டார்கள். மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டோ அவளை எவரும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் நமக்கில்லை.

நேர்மைக்காக இதனையும் எழுதவேண்டும். ஹில் தமக்கு விதிக்கப்பட்டவற்றை நிறைவேற்றினார். 2018-இல் அவ்வழக்கு நீதிமன்றத்தால் தள்ளப்பட்டுப் பதிவும் நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு அவர் குடும்பத்தைச் சார்ந்த வேறொரு விவகாரம் விசாரிக்கப்பட்டு, சில மாதம் அவர் கோஷ்டியின் வேலைகளிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார். வழக்குத் தொடரப்படவில்லை, லீக்கும் தண்டிக்கவில்லை. அப்பொழுதும் ரசிகர்கள் இரு பிரிவாயினர் என்றாலும், இம்முறை ‘ஐந்தாஞ் சுற்றுத்தானே’ என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்பொழுது அவர் கோஷ்டியின் மாணிக்கம். 2016-இல் விலை குறைவு என்பதால் வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள், 2019-இல் விலை மிகுதி என்பதால் விடலாகாது என்றார்கள். செப்டம்பரில் மூன்றாண்டுக்கு 5 கோடியே 40 லட்சம் அமெரிக்க வெள்ளிக்குப் புது உடன்படிக்கை எழுதப்பட்டது.

2020 பெப்ரவரி 2-ஆம் நாள் மயாமியில் இறுதியாட்டம். நேரம் எட்டு நிமிஷத்துக்கும் குறைவாக எஞ்சியிருக்க, 10-க்கு 20 என்று சீஃப்ஸ் பின்தங்கி நின்ற வேளையில், 44 கஜம் பறந்து வந்த பந்தைப் பிடித்து ஆட்டத்தைத் திருப்பியவர் ஹில். 31-க்கு 20 என்று சீஃப்ஸ் வென்றது. ஐம்பதாண்டுக் காத்திருப்பு நீங்கிற்று என்று ஊர் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியைக் குறைகூறுவோர் யாருமில்லை. அதில் பங்குகொள்ள முடியாது வீட்டில் இருந்த சிலரும் அந்நகரில் இருந்திருப்பார்கள் என்று மட்டும் எண்ணுகிறோம்.

2022 மார்ச்சில் சீஃப்ஸ் ஹில்லை மயாமி டால்பின்ஸுக்குக் கைமாற்றியது. 165-ஆவது இடத்தில் வாங்கிய ஆளுக்கு ஈடாகக் கிடைத்தவை ஐந்து தெரிவுரிமைகள். அவற்றுள் ஒன்று முதற் சுற்றில் 29-ஆவது இடம். ஏப்ரலில் தெரிவு நடந்தபோது சீஃப்ஸ் அந்த 29-ஆவது இடத்தையும் வேறு இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, முன்னால் 21-ஆவது இடத்தைப் பெற்றுக்கொண்டது. கொடுத்தது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கோஷ்டிக்கு. அதன் முதலாளி அப்பொழுதும் ராபர்ட் கிராஃப்ட்தான். மைரா அம்மையார் 2011-இலேயே காலமாகிவிட்டார்.